கைத்தடிக்குள் நாற்பத்தொன்று

அத்தியாயம் ஒன்பது

நாற்பது கத்திகளுக்குப் பொறுப்பாகப் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு, நாற்பத்தோராவதை மாமனார் கையில் நடமாட விட்டிருக்கும் நம் கண்ணாடிக்காரருக்கு இன்றோடு கெடு முடிகிறது. மாலை ஐந்து மணி. அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கீழே கடை, மேலே வீடு. மனைவி கோர்ட்டில் டைப்பிஸ்ட். மாமனார் தபால் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஊர்வாரியாகப் பார்சல் பிரித்துவிட்டு ஓய்வு பெற்றவர், மகளோடு இருக்கிறார். வீட்டில் இவர்கள் மூன்று பேர்தான், நாற்பது கத்திகளைத் தவிர.

கத்தி சேர்ப்பது நம்மவருக்கு இருபது வருஷப் பைத்தியம். யாரையும் குத்துவதற்கல்ல. பல்லியைக்கூடத் துடைப்பத்தால் மெதுவாகத் தள்ளி வெளியே அனுப்புகிற ஆள். மடக்குக் கத்தி, மாலுமிக் கத்தி, தோல் அறுக்கும் கத்தி என்று தேடித் தேடி வாங்கி, எண்ணெய் போட்டு, வெல்வெட்டில் படுக்க வைத்து, பார்த்துக்கொண்டே இருப்பார். அப்படி என்ன மோகம் என்று ஒரு வாசகி கோபமாகக் கடிதம் எழுதியிருந்தார். அவர் மனைவிக்கே இன்னும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை, அம்மா.

அந்த மனைவி இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டார். நாற்பதோடு சரி, இனி ஒன்றுகூட இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. இவரும் சரி என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த ஆறாவது வாரம், பழைய சாமான் விற்கிற ஓர் இடத்தில் ஒரு கைத்தடியைப் பார்த்தார். கறுப்பு மரம், உருண்டையான பித்தளைத் தலை. தலையை இடப்பக்கம் அரைச் சுற்றுத் திருகி இழுத்தால் உள்ளே ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு கத்தி. நம்மவர் விலைகூடப் பேசாமல் வாங்கிவிட்டார்.

மாமனாருக்கு அந்த வாரம்தான் முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. தடியோடு வீட்டுக்கு வந்தவர், மாமாவுக்காக வாங்கினேன் என்றார். உள்ளே இருப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதன்பிறகு வந்தது புதுச் சட்டம். வீட்டு உபயோகக் கத்திகளுக்கு ஒன்றும் வேண்டாம். சேகரிப்பவர்களுக்கு உரிமம் வேண்டும், பூட்டிய அலமாரி வேண்டும், வெளியே எடுத்துப்போனால் பூட்டிய பெட்டியில்தான் போக வேண்டும். மூன்றாவது வகை, வேறொரு பொருளுக்குள் ஒளிந்திருக்கும் கத்தி. பேனாவுக்குள்ளோ, பெல்ட்டுக்குள்ளோ, கைத்தடிக்குள்ளோ இருந்தால் அதை யாருமே வைத்திருக்கக் கூடாது.

கண்ணாடிக்காரர் சட்டத்தின் முன்வரைவை மூன்று நிறப் பேனாவால் கோடு போட்டுப் படித்தார். நூறு வருஷம் பழைய பொருளுக்கு விலக்கு உண்டு என்று அதில் இருந்தது. நம் தடி நூறு தாண்டியது என்று நிம்மதியாக இருந்துவிட்டார். சட்டம் முடிவாகி வந்தபோது அந்த விலக்கு இரண்டாவது வகைக்கு மட்டும் என்று சுருங்கியிருந்தது. அதை அவர் திருப்பிப் படிக்கவில்லை. ஊரிலுள்ள கத்திப் பைத்தியங்களுக்கெல்லாம் சட்டம் விளக்கிக்கொண்டிருந்த மனிதர் பழைய காகிதத்தை வைத்துக்கொண்டே விளக்கியிருக்கிறார். போன வாரம்தான், ஒரு வாடிக்கையாளரின் லென்ஸைக் கையில் பிடித்தபடி, புதுக் காகிதத்தைப் படித்தார். லென்ஸ் கீழே விழுந்து உடைந்ததோடு நாம் பிரிந்தோம்.

இனி இன்றைய கதை.

காலை பத்தரைக்கு வீட்டைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை எடுக்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டார். கையில் ஓர் எஃகு ஸ்கேல், ஒரு ஃபைல்.

மனைவி அரை நாள் லீவு போட்டிருந்தார். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து நாற்பதையும் வரிசையாக அடுக்கினார். அவருக்குக் கத்தி பிடிக்காது. ஆனால் எந்த வேலையைச் செய்தாலும் அதில் ஓர் ஒழுங்கு வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எடுத்து, கைப்பிடி முடியும் இடத்திலிருந்து நுனி வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்தார். அவர் சொல்வதற்கு முன்பே கண்ணாடிக்காரர் அளவைச் சொன்னார். மில்லிமீட்டர் பிசகவில்லை. இருபதாவதுக்கு மேல் அந்த அம்மா ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, அவர் வாயைப் பார்த்தே எழுத ஆரம்பித்தார். உங்களைப் போல எல்லோரும் இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது என்று பாராட்டு வேறு. அந்தப் பாராட்டை நம்மவரால் ரசிக்க முடியவில்லை.

ஏனென்றால் ஜன்னலோரத்து நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். முட்டிகளுக்கு நடுவே தடி. பித்தளைத் தலைமேல் இரண்டு உள்ளங்கை. அதற்குமேல் மோவாய். வேடிக்கை பார்க்கிறவருக்கு வேறென்ன வேலை.

அந்தத் தடி போகாத இடமில்லை. பூங்காவுக்குப் போயிருக்கிறது, பாங்க்குக்குப் போயிருக்கிறது. ஒருமுறை மகள் மறந்து வைத்துவிட்டுப் போன மதியச் சாப்பாட்டைக் கொடுக்க கோர்ட்டுக்கே போயிருக்கிறது. வாசலில் காவலர் அதை வாங்கிப் பிடித்துக்கொண்டு, பெரியவர் பையைச் சோதித்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாராம். அதைக் கேட்ட அன்று கண்ணாடிக்காரர் ராத்திரி சாப்பிடவில்லை.

இன்ஸ்பெக்டரின் பேனா உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. கண்ணாடிக்காரர் குனிவதற்குள் மாமனார் தடியை நீட்டி, உள்ளே விட்டுத் துழாவி, பேனாவை வெளியே தள்ளினார். தடி இன்ஸ்பெக்டரின் ஷூவைத் தொட்டு நின்றது.

நல்ல தடி, கனமாக இருக்கும் போலிருக்கிறதே என்றார் இன்ஸ்பெக்டர்.

மனைவியின் முகம் மலர்ந்தது. "இவர் வாங்கிக் குடுத்ததுங்க. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்போ. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, கத்தி இல்லாத ஒரு பொருளை இவரா தேடிப் போய் வாங்கினது இது ஒண்ணுதான்."

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். மாமனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஏன் அவர் வெளியே பார்த்தார் என்பதை நம்மவர் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் ஃபைலைத் திறந்து நிபந்தனைகளை வாசித்தார். இந்த வீட்டில் வசிக்கும் எவரிடமும் இந்த நாற்பதையும் வீட்டு உபயோகக் கத்திகளையும் தவிர வேறு கத்தி இல்லை என்று விண்ணப்பதாரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அரசு ஊழியர் என்ற முறையில் மனைவி சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது பொய் என்று பின்னால் தெரிந்தால் நாற்பதும் பறிமுதல், விண்ணப்பதாரர்மேல் வழக்கு. சாட்சியின் அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போகும்.

"கோர்ட்டுல வேலை பாக்கறவங்க பொய்ச் சாட்சின்னா வேலையே போயிடும். பயமுறுத்தலைம்மா, எல்லார்கிட்டயும் வாசிச்சுக் காட்டறதுதான்" என்றார்.

வாசியுங்கள், எங்களுக்கு என்ன பயம் என்று மனைவி சிரித்தார்.

இன்னொரு வரியும் இருந்தது. இன்று மாலை ஐந்துக்குள் தாங்களாகவே வந்து திருத்தம் எழுதிக்கொடுத்து, பொருளையும் ஒப்படைத்தால் யார்மேலும் நடவடிக்கை கிடையாது. கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். ஆனால் இன்ஸ்பெக்டர் ஒரு தும்மல் போட்டுவிட்டு வாக்கியத்தை முடித்தார். அந்தத் திருத்தத்திலும் அதே சாட்சி கையெழுத்துப் போட வேண்டும்.

இருந்த ஒரே கதவின் சாவியும் மனைவி கையில் இருந்தது. அவருக்குத் தெரியாமல் வெளியே போக வழியே இல்லை.

இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தார். வாயைத் திறந்தும் விட்டார். "ஒரு விஷயம்..." என்று தொடங்கியபோது மனைவி கையில் டீயைக் கொடுத்து, ஆறிவிடும், குடியுங்கள் என்றார். கண்ணாடிக்காரர் டீயோடு விஷயத்தையும் விழுங்கினார். கோழை என்று நீங்கள் திட்டினால் நான் மறுக்க மாட்டேன்.

காவல் நிலையமும் கோர்ட்டும் ஒரே வளாகச் சுவருக்குள் இருந்தன. அந்தப் பக்கம்தானே போகிறேன், வாருங்கள் என்று இன்ஸ்பெக்டர் மனைவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே படியிறங்குவதை நம்மவர் மேலேயிருந்து பார்த்தார். மணி பன்னிரண்டு.

அடுத்த இரண்டு மணி நேரம் அவர் செய்ததையெல்லாம் எழுதினால் அவருக்குத்தான் அவமானம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

தடியின் அடியில் ரப்பர் தேய்ந்திருக்கிறது, கொடுங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். போன மாதம்தான் மாற்றினேன் என்றார் மாமனார். பித்தளை மங்கிவிட்டது, பளபளப்பாக்கித் தருகிறேன் என்றார். மங்கினால்தான் கை வழுக்காது என்றார் மாமனார். கொஞ்சம் படுத்துத் தூங்குங்களேன் என்றார். தூக்கம் வரவில்லை என்று மாமனார் செய்தித்தாளை விரித்தார். கண்ணாடிக்காரர் கீழே கடைக்குப் போனார், மேலே வந்தார், மறுபடி போனார். கடையில் காத்திருந்த ஓர் அம்மாளுக்கு வலக்கண் பவரை இடக்கண்ணில் எழுதி, நல்லவேளை, அடித்துத் திருத்தினார்.

ஆற்றில் வீசிவிடலாமா என்றும் நினைத்தார். சட்டம் அதையும் யோசித்து வைத்திருந்தது. ஒப்படைக்காமல் அழித்தாலும் குற்றம். கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாலும் குற்றம். சும்மா வீட்டில் வைத்திருந்தால் ஐந்து மணிக்குமேல் அதுவும் குற்றம். அந்தக் காகிதத்தை எந்தப் பக்கம் திருப்பிப் படித்தாலும் சுவராகவே இருந்தது.

இரண்டு மணிக்கு மாமனாரின் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, இந்தத் தடிக்குள்ள..."

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். தடியை மடியில் கிடத்தினார். பித்தளைத் தலையை இடப்பக்கம் அரைச் சுற்றுத் திருகி, உருவினார்.

"இதுவா மாப்பிள்ளை?"

கத்தியின் அடிப்பாகத்தில் வெள்ளையாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது. நம்மவருக்கு அதிர்ச்சியிலும் எரிச்சல். போன ஞாயிற்றுக்கிழமைதான் துடைத்திருந்தார்.

"மாத்திரைப் பொடி. டாக்டர் பாதி பாதியாப் போடச் சொன்னாரே. இது நல்லா ரெண்டா வெட்டுது."

முப்பத்தைந்து வருஷம் பார்சலைத் தூக்கிப் பார்த்தே உள்ளே என்ன என்று சொன்ன கை அது. தலைப்பக்கம் இவ்வளவு கனமாக ஒரு தடி இருக்காது என்று கையில் வாங்கிய அன்றே தெரிந்துவிட்டதாம். திருகித் திறக்க இரண்டு வாரம் ஆனதாம்.

ஏன் சொல்லவில்லை என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"முதல் ரெண்டு வாரம் எனக்காகத்தான் வாங்கினீங்கன்னு நம்பினேன். பூங்காவுல எல்லார்கிட்டயும் காட்டினேன், மாப்பிள்ளை வாங்கிக் குடுத்ததுன்னு. அப்புறம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் தூங்கறேன்னு நெனச்சு நீங்க வந்து எடுத்தீங்க. எண்ணெய் போட்டீங்க. கொழந்தையைப் பாக்கற மாதிரி பாத்தீங்க. நான் தூங்கலை. அன்னிக்குத்தான் புரிஞ்சுது, நான் வெறும் அலமாரின்னு."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கண்ணாடிக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல்முறையாக அவர் அந்தக் கத்தியைப் பார்க்காமல் அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன.

இந்த விஷயம் மகளுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மாமனாரே சொன்னார். தடியைப் பார்த்து அவள் சந்தோஷத்தில் அழுத நாளை நினைத்துக்கொள்வாராம், சொல்ல மனம் வராதாம்.

பிறகு கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் கொட்டினார். விலக்கு சுருங்கியது, திருத்தம், ஐந்து மணி, அதே சாட்சி. மாமனார் கத்தியை உறைக்குள் தள்ளித் திருகினார். இது என்னுடையது என்று நானே சொல்லிவிடுகிறேன் என்றார். வீட்டிலுள்ள எவரிடமும் இல்லை என்றுதானே அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று இவர் நினைவுபடுத்தினார். யாருடையதாக இருந்தாலும் பொய் பொய்தான்.

"அப்ப அவகிட்டதான் போகணும்" என்று மாமனார் எழுந்தார். எழுந்தவர், பழக்கத்தில் தடியை ஊன்றப் போய், நிறுத்திக்கொண்டார்.

பூட்டிய பெட்டி வேண்டுமே. கத்திகளுக்கான பெட்டிகள் எல்லாம் குட்டை. கடைசியில் கடையில் பார்வை சோதிக்கும் எழுத்து அட்டைகளைச் சுருட்டி வைக்கும் நீளமான தகரக் குழாய் ஞாபகம் வந்தது. அட்டைகளை உருவிவிட்டுத் தடியை உள்ளே விட்டார்கள். பித்தளைத் தலை இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. மூடியில் ஒரு பழைய பூட்டைப் போட்டார்.

தடியில்லாத மாமனார் மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் நின்றார். தினமும் இந்தப் படிகளில் அந்தத் தடி என்ன வேலை செய்திருக்கிறது என்று நம்மவருக்குத் தோளில் தெரிந்தது.

டாக்சி கிடைக்க நேரமாகிவிட்டது. கோர்ட் வாசலை அடைந்தபோது மணி நாலு பத்து.

குழாயோடு உள்ளே போக முடியாது. வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சில் மாமனாரை உட்கார வைத்து, குழாயை நடுவில் வைத்துக்கொண்டு, காவலர் மூலம் சொல்லியனுப்பினார்கள். விசாரணை நடக்கிறது, டைப்பிஸ்ட் அம்மா எழுந்து வர முடியாது என்றார் காவலர். நாலு இருபது. நாலு முப்பது. கண்ணாடிக்காரர் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார். எதிரே சுவரில் இருந்ததே கடிகாரம்தான்.

நாலு முப்பத்தாறுக்கு மனைவி ஓடி வந்தார். அப்பாவுக்கு என்ன, முட்டியா என்றுதான் முதலில் கேட்டார். தடி எங்கே என்று அடுத்து கேட்டார்.

கண்ணாடிக்காரர் குழாயைக் காட்டினார். சொன்னார். மென்று விழுங்காமல், நடுவில் ஒரு காரணமும் சொல்லாமல், நாலே வாக்கியத்தில் சொன்னார். பாவம், அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

மனைவி வெகு நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் என்றால் ஒரு நிமிஷம் இருக்கும். இருந்ததே இருபத்து நாலு நிமிஷம்.

"அன்னிக்கு நான் அழுதேன்" என்றார்.

"தெரியும்."

"ஆபீஸ்ல ஒருத்தர் விடாம சொன்னேன். என் வீட்டுக்காரர் எங்கப்பாவுக்காகத் தேடிப் போய் வாங்கிட்டு வந்தார்னு."

மனைவி அப்பாவின் பக்கம் திரும்பினார். அப்பா, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும்மா என்றார் மாமனார். அப்போதுதான் அந்த முகம் உண்மையில் உடைந்தது. மூன்று பேர் உள்ள வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அவர் கோர்ட்டில் வேலை பார்ப்பவர். கெடு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, காவல் நிலையத்தை நோக்கி முன்னால் நடந்தார். கண்ணாடிக்காரர் குழாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

கவுன்ட்டரில் இருந்த ஏட்டு அணிந்திருந்த மூக்குக்கண்ணாடி நம்மவர் கடையில் வாங்கியது. ஒரு பக்கக் கம்பி தளர்ந்து மூக்கில் சரிந்திருந்தது. அந்த நேரத்திலும் அது கண்ணாடிக்காரரின் கண்ணில் பட்டது, பாருங்கள். ஏட்டும் அடையாளம் கண்டு, அட, நீங்களா சார் என்றார். வேறு யாராவது இருந்திருக்கக் கூடாதா என்று இவருக்கு இருந்தது.

குழாயைத் திறந்து, தடியை எடுத்து, திருகி, உருவினார் ஏட்டு. மனைவி அந்தக் கத்தியை முதல்முறையாகப் பார்த்தார். வெள்ளைப் பொடியைப் பார்த்தார்.

திருத்தப் படிவத்தை மனைவி முழுதும் படித்தார். மணி நாலு நாற்பத்தெட்டு. ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக்காரர் மூச்சு விட்டார்.

ஒப்படைக்கும் சீட்டு ஒன்று பாக்கி இருந்தது. பெயர், முகவரி, பொருளின் அளவு. அதையெல்லாம் மடமடவென்று எழுதியவர், கடைசிக் கட்டத்தில் வந்து நின்றார். பொருளை வைத்திருந்த நோக்கம். சேகரிப்பு, தொழில், பரம்பரைச் சொத்து, வேறு என்று நான்கு சிறு சதுரங்கள். பேனாவைச் சேகரிப்பு என்ற சதுரத்தில் வைத்தார்.

"அது இல்லை. நாலாவது" என்றார் மனைவி.

பேனா நின்றது. ஏட்டு கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"எழுதுங்க. நான் சொல்றேன்." மனைவியின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தினமும் கோர்ட்டில் அடுத்தவர் சொல்வதை அப்படியே அடிக்கிறவர், இன்றைக்குத் தான் சொல்கிறார். "மனைவியிடமிருந்து மறைப்பதற்காக."

கண்ணாடிக்காரர் எழுதினார். ஏட்டு அதை வாசித்துவிட்டு முத்திரை குத்தினார். நாலு ஐம்பத்தைந்து. வழக்கு இல்லை, கடிதம் இல்லை, மனைவியின் வேலைக்கு ஆபத்தில்லை. சட்டத்தின் பிடியிலிருந்து நம்மவர் தப்பித்துவிட்டார்.

அவர்கள் திரும்பும்போது ஏட்டு இன்னொரு காகிதத்தை நீட்டினார். திருத்தம் செய்த விண்ணப்பத்துக்குச் சாட்சி மறுபடி ஒருமுறை உறுதி சொல்ல வேண்டுமாம். மீதி நாற்பதுக்கும் சாட்சியாக நிற்கிறேன் என்றோ, விலகிக்கொள்கிறேன் என்றோ எழுதிக் கொடுக்கலாம். சாட்சி விலகினால் நாற்பதையும் எடுத்துப் போய்விடுவார்கள். அவசரமில்லைம்மா, திங்கட்கிழமை காலை வரைக்கும் நேரம் இருக்கிறது என்றார்.

மனைவி அந்தக் காகிதத்தை எழுதாமல் நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

வெளியே வந்தார்கள். மாமனார் மகள்மேல் சாய்ந்து நின்றுகொண்டு, வேறொரு தடி வாங்க வேண்டும் மாப்பிள்ளை, இந்தத் தடவை வெறும் கட்டையாக இருக்கட்டும் என்றார். அவர் அதைச் சமாதானமாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

டாக்சிக்காகக் காத்திருந்தபோது மனைவி கை நீட்டினார்.

"அலமாரிச் சாவி."

கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இருபது வருஷத்தில் அந்தச் சாவி வேறொரு கைக்குப் போனது அதுவே முதல்முறை. மனைவி அதை மடித்த காகிதத்தோடு வைத்தார்.

"இன்னும் வேற ஏதாவது இருக்கா?"

"இல்லை. சத்தியமா இல்லை."

அது உண்மை. நாற்பதுக்குமேல் ஒரு பேனாக்கத்திகூடக் கிடையாது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மனைவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நேத்து கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பீங்க" என்றார்.

டாக்சி வந்தது. அப்பாவும் மகளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் காலிக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.